நானூறு கிராம்

கிலோக் கிலோவாய் வாங்கினால்
கடைக்காரனுக்குத்தான் லாபம் என்று
முதலில் சொன்னது மூன்றாம் மாடி பெனடிற்றா.
கணக்கு நான் போட்டேன்,
பார்மசியில் பில் எழுதித் தேய்ந்த பேனையால்,
போன மாதக் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்.
மூட்டையாய் எடுத்தால்
கிலோவுக்கு முப்பத்தெட்டு ரூபாய் மிச்சம்.
ஐந்து வீடு, வீட்டுக்கு ஐந்து கிலோ.
நூற்றித் தொண்ணூறு.
ஒரு தேங்காய் வரும், சின்னதாய்ப் பார்த்து எடுத்தால்.

நானும் ரிஸ்மியாவும் புறக்கோட்டைக்குப் போனோம்.
நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காய வாசம் செருப்புக்குள்ளும் ஏறியிருந்தது.
முதலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.
"கடைக்கா, வீட்டுக்கா?"
"கடைக்கு" என்றாள் ரிஸ்மியா, கண் இமைக்காமல்.
கடைக்கு ஒரு விலை, வீட்டுக்கு ஒரு விலை.
கடையின் பெயரைக் கேட்டிருந்தால்
வழியெல்லாம் யோசித்தும் எங்களுக்கு ஒன்று அகப்படவில்லை.

ஓட்டோ பிடித்தால் கணக்கு உடையும்.
நாட்டாமிக்கு நூறு ரூபாய் கொடுத்ததிலேயே
அது கொஞ்சம் கீறியிருந்தது.
பஸ்ஸில் மூட்டைக்குச் சீற்றுக் கிடைத்தது.
நாங்கள் இருவரும் நின்றோம்,
கொட்டாஞ்சேனை வரைக்கும்
அதன் தோளில் கை வைத்தபடி.

லிஃப்ட் நின்று இரண்டு வருடம்.
ஒவ்வொரு மாடிக்கும் ஒருவர் கை கொடுத்தார்கள்.
நாலாம் மாடி ஞானசெல்வம்
மேலேயிருந்து குரல் மட்டும் கொடுத்தார்.

தராசு ஒருவரிடமும் இல்லை.
பிள்ளை நிறுக்கிறது இருக்கு என்றாள் தில்ருக்ஷி.
ஏழு மாதத்தில் பிறந்த சின்னவனுக்காக
ஆரோ தெரிந்தவரிடம் பழசாய் வாங்கியது.
பச்சைத் தட்டு, விளிம்பில் உரிந்துபோன வாத்து.
அதற்குள் மைசூர்ப் பருப்பைக் கொட்டினோம்.
பின்னேர வெயில் ஜன்னலால் வந்து விழ
ஒரு நிமிசம் ஒருவரும் பேசவில்லை.
இவ்வளவு பருப்பை ஒரே இடத்தில்
கடைசியாய்க் கண்டது ஏதோ ஒரு கலியாணத்தில்.

ஐந்து.
ஐந்து.
ஐந்து.
ஐந்து.
கடைசிப் பை என்னுடையது.
நாலு கிலோ அறுநூறு.

மூட்டையே குறைவா,
படியில் சிந்தினதா,
சிந்தினதென்றால் எந்த மாடியில், யார் தூக்கும்போது?
ரிஸ்மியா தன் பையை
மெல்லக் காலுக்குப் பின்னால் நகர்த்தினாள்.
அவளுடைய இடத்தில் நானும் நகர்த்தியிருப்பேன்.

"ஆளுக்கு எண்பது கிராம் குறைப்பம்" என்றாள் பெனடிற்றா.
எண்பது கிராம் என்றால்
தண்ணீர் கூட விட்டால் ஒரு நேரக் கறி.
தேத்தண்ணிக் கோப்பையால் அள்ளி அள்ளி
என் பைக்குள் போட்டார்கள்.
ஒவ்வொரு கோப்பைக்கும் ஐந்து தலை குனிந்தது.
செட்டியார் தெருவில் பவுண் நிறுக்கிறவனும்
இப்படிக் குனிய மாட்டான்.
நான் "போதும், போதும்" என்றேன்.
நிறுத்தச் சொன்ன குரல் அல்ல அது.

தட்டு வெறுமையானதும்
சின்னவன் தவழ்ந்து வந்தான்,
தன் கதிரையை ஆரோ இவ்வளவு நேரம் வைத்திருந்ததுபோல.
தூக்கி இருத்தினோம்.
எட்டுக் கிலோ எழுபது.
தில்ருக்ஷி கிளினிக் அட்டையை எடுத்துவந்தாள்.
இன்று காலை, மிட்வைப்பின் கையெழுத்தோடு,
எட்டுக் கிலோ இருநூறு.

நான் தாளைத் திருப்பிக் கணக்குப் போட்டேன்.
மூட்டை சரி. முதலாளி சரி.
படியில் ஒரு பருப்பும் சிந்தவில்லை.
இந்தத் தராசுதான் எல்லாவற்றையும்
கொஞ்சம் குறைத்துச் சொல்கிறது.
இப்போது ஆளுக்கு ஐந்து கிலோ, பிசகாமல்.
ரிஸ்மியா முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும்.
பெனடிற்றாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்தது.

தில்ருக்ஷி சிரிக்கவில்லை.
ஞாயிறுக்கு ஞாயிறு பிள்ளையை இதில் வைத்து,
முள் ஏறவில்லை என்று
மீனை நிறுத்தி, முட்டையை நிறுத்தி,
மாதம் ஒரு பக்கற் பால்மா கூட வாங்கினவள்.
என்னிடம் பேனையைக் கேட்டாள்.
தாளில் இடம் தேடி
ஆறு என்று எழுதி, பெருக்கல் குறி போட்டாள்.
"பால்மா என்ன விலை?" என்றாள்.

எந்த மாதத்து விலை
என்று கேட்டேன்.